வங்கிப் பணியிலிருந்து மருத்துவப் படிப்புக்கு

கேள்வி: அமெரிக்காவில் பொருளியல் பட்டம் பெற்று, ஐந்து ஆண்டுகளாக வங்கியில் பணிபுரிகிறேன். பள்ளிக்குப் பிறகு அறிவியல் படித்ததில்லை. இருபத்தெட்டு வயதில் மருத்துவராக விரும்புகிறேன், எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வயதை எண்ணி அஞ்ச வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவப் படிப்பே பொதுவாகப் பட்டப்படிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பொருளியல் பட்டம் அதற்குத் தடையல்ல. ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகப் பயிற்சியுடன் தலா ஓராண்டு படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. தொழில் மாறுவோருக்கென்றே நடத்தப்படும் போஸ்ட்-பாக்கலாரியேட் (பட்டத்துக்குப் பிந்தைய) படிப்புகளில் இவற்றை ஒன்றிரண்டு ஆண்டுகளில் முடிக்கலாம். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது வரிசை: பொது வேதியியலை முடித்தால்தான் கரிம வேதியியல், அதன் பின்னரே உயிர்வேதியியல் என்பதால், வேதியியலை முதல் பருவத்திலேயே தொடங்காவிட்டால் ஓராண்டு வீணாகிவிடும்.

அடுத்தது எம்கேட் (MCAT) எனப்படும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. மதிப்பெண் 472 முதல் 528 வரை. அதன் நான்கு பகுதிகளுள் ஒன்றில், 90 நிமிடங்களில் பத்திகளைப் படித்து 53 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அறிவியல் தேவைப்படாத இப்பகுதியில், வாசிப்புப் பழக்கம் இருந்தால் அது உறுதியாகக் கைகொடுக்கும்.

வேலையை விடுவதற்கு முன், வார இறுதிகளில் ஒரு மருத்துவமனையில் தன்னார்வலராகச் சேருங்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறேன். படுக்கையில் கிடக்கும் முதியவருக்குத் தண்ணீர்க் குவளையை எட்டிக் கொடுத்து, அவர் பேசி முடிக்கும்வரை அருகில் நின்ற பிறகும் இந்த விருப்பம் குறையவில்லையென்றால், தயங்காமல் பாடங்களுக்குப் பதிவு செய்யுங்கள்.