காணி மக்களின் மொழிக்கு இலக்கணம் எழுத எப்படித் தொடங்குவது?

பாபநாசம் மலையில் காணி மக்கள் பேசும் மொழியில் சொற்பட்டியல் சேர்த்துவிட்டேன், இலக்கணம் எழுத அடுத்து என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இலக்கணம் தொடர்பேச்சில்தான் பிடிபடும். தேன் எடுக்கப் போன கதை, சடங்கில் பாடும் சாற்றுப்பாட்டு, வீட்டுப் பேச்சு என எதுவானாலும் சம்மதம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். சேர்வலாறு, மயிலாறு குடியிருப்புகள் புலிகள் காப்பகப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நாம் தமிழில் கேட்டால் பதிலும் தமிழ்ப் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் இருவர் தங்களுக்குள் பேசுவதைப் பதிந்து, பிறகு அவர்களில் ஒருவரோடு உட்கார்ந்து வரிவரியாக எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சு பல நாளை விழுங்கும். பல், கம்பி இரண்டிலும் ‘ப’ வேறுவேறாக ஒலித்தாலும் தமிழ் எழுத்தில் ஒரே பகரம்தான். எனவே ஐபிஏ எனப்படும் பன்னாட்டு ஒலிக்குறிகளைப் பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் வினைமுற்று. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான் என்று ஆளுக்கொரு விகுதி. மலையாளத்தில் எல்லோருக்கும் ‘வந்நு’தான். காணி மொழி இரண்டுக்கும் நெருக்கம். நான், நீ, அவன் என ஒவ்வொருவருக்கும் என்ன விகுதி என்று ஓர் அட்டவணை போட்டு, அதை முதியவரிடமும் இளையவரிடமும் தனித்தனியாக நிரப்பிப் பாருங்கள். வேறுபட்டால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

இடையன்குடி கால்டுவெல் 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட காலத்தில் ஒலிப்பதிவே கிடையாது. உங்களுக்குக் கைபேசி போதும். மலைக்காற்று இரைச்சலுக்காக ஒரு காலர் மைக் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.