சம்பளம் கூடினால் கைக்கு வருவது குறையுமா?

கேள்வி: கிளிநொச்சியில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் அலுவலகப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 225,000 ரூபா. அதில் 22,500 ரூபாவைக் கழித்துக்கொண்டுதான் தருகிறார்கள். அதாவது 10 வீதம் வரி. இப்போது சம்பளத்தை 240,000 ரூபாவாக உயர்த்தப்போகிறார்கள். அப்படியானால் 18 வீத வரிக்குள் போய்விடுவேன், கைக்கு வருவது குறைந்துவிடும், உயர்வே வேண்டாமென்று சொல் என்கிறார் அத்தான். என்ன செய்யலாம்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: உயர்வை வாங்குங்கள். அத்தானுக்கும் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

முதலில், நீங்கள் கொடுப்பது 10 வீத வரி அல்ல. அந்த 22,500 ரூபாவில் 18,000 ரூபா ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. சம்பளத்தில் 8 வீதம். அது உங்கள் பணம், உங்கள் பெயரில் சேர்கிறது. தொழில் தருநர் தன் பங்காக மேலும் 12 வீதம் போடுகிறார். மிச்சம் 4,500 ரூபாதான் வருமான வரி. 225,000 ரூபாவில் அது வெறும் 2 வீதம்.

இனி அத்தானின் பயத்துக்கு வருவோம். 2025 ஏப்ரல் முதல் மாதத்துக்கு 150,000 ரூபா வரை வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 83,333 ரூபாவுக்கு 6 வீதம், அடுத்த 41,667 ரூபாவுக்கு 18 வீதம். அதற்கு மேலும் 24, 30, 36 என்று ஏறும். இரணைமடு வாய்க்கால் தண்ணீர் மேல் வயலை நிரப்பிவிட்டுத்தான் கீழ் வயலுக்கு வழிகிறது. கீழே வழிந்ததற்காக மேல் வயல் வற்றிவிடுவதில்லை. 240,000 ரூபாவில் 83,333 ரூபாவுக்கு வரி 5,000. அதைத் தாண்டும் 6,667 ரூபாவுக்கு மட்டுமே 18 வீதம், அதாவது 1,200. மொத்தம் 6,200 ரூபா. முழுச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் 2.6 வீதம் கூட வராது. அத்தான் சொல்வதுபோல் எல்லாவற்றுக்கும் 18 வீதம் என்றால் 43,200 ரூபா போயிருக்கும். அப்படியொரு சட்டம் இருந்தால் நானும் உயர்வு வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன்!

15,000 ரூபா உயர்வில் கூடுதல் வரி 1,700, சேமலாப நிதிக்கு 1,200. ஆக, 12,100 ரூபா கைக்குக் கூடுதலாக வரும்.

வீதம் என்று யார் சொன்னாலும் எதில் வீதம் என்று கேளுங்கள். 100 ரூபாச் சவர்க்காரத்தின் மேல் 18 வீத வற் வரி சேர்ந்து 118 ரூபாவாகிறது. நீங்கள் கொடுத்த 118 ரூபாவில் அது 15 வீதத்துக்குச் சற்று மேல். சம்பளச் சிட்டையே இல்லாத வயல் கூலியாளும் அதே 18 ரூபாவைக் கட்டுகிறார் என்பதை வருமான வரிக்குப் புலம்புகிறவர்கள் ஏனோ பேசுவதில்லை.

நிலையான வைப்பு வட்டி, வீட்டு வாடகை போன்றவை உங்கள் பெயரில் வந்தால் அவையும் வருமானத்தில் சேரும், கணக்கு மாறும். கணவருக்கு வருமானம் இருந்தால் அதை உங்களுடையதோடு கூட்ட வேண்டாம். இருவருக்கும் தனித்தனிக் கணக்குத்தான்.