தனிப் பாடம் கேட்பதற்கு முன் உட்காரும் இடத்தை மாற்றச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகன் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. பிள்ளைகள் தெரு வாரியாகத்தான் பெஞ்சில் உட்காருகிறார்கள். பட்டப்பெயர், அடிதடி எல்லாம் உண்டு. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். மனிதர்களோடு பழகக் கற்றுத்தர ஒரு தனிப் பாடம் வேண்டும் என்றேன். "அது வீட்டுல சொல்லிக் கொடுக்க வேண்டியது, படிப்பு கெட்டுடும்" என்று சிரித்துவிட்டார்கள். நான் கேட்டது தப்பா?

பதில்: தப்பே இல்லை. வீட்டில் கற்றுக்கொள் என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் நம் ஆட்கள். அடுத்த தெருப் பிள்ளையோடு பழக வீட்டில் எப்படிக் கற்றுக்கொள்வது? அந்தப் பிள்ளை இருப்பது வகுப்பறையில்தானே.

படிப்பு கெடும் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. பழகும் திறனைக் கற்றுத்தரும் 213 பள்ளித் திட்டங்களை, ஏறக்குறைய 2,70,000 மாணவர்களின் விவரங்களோடு அலசிய ஆய்வு 2011-ல் வந்தது. நடத்தை சீரானதோடு மதிப்பெண்ணும் கூடியிருந்தது.

ஆனால் தனிப் பாடம் என்பதில்தான் எனக்குத் தயக்கம். நம் ஊர் நீதிபோதனை பீரியட் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். பாதி நாள் கணக்கு சார் எடுத்துக்கொள்வார், மீதி நாள் "பெரியோரை மதி" என்று கரும்பலகையில் எழுதிப்போடுவார்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் எட்டாம் வகுப்பு வரை மகிழ்ச்சி வகுப்பு தொடங்கினார்கள். தேர்வு கிடையாது, தியானமும் கதையும் பேச்சும்தான். நல்ல முயற்சி. இங்கிலாந்திலோ உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2007-ல் கொண்டுவந்த இதே மாதிரித் திட்டத்தை ஆராய்ந்தபோது சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் தெரியவில்லை. எடுத்துச் செய்ய ஆசிரியர்களுக்கு நேரமும் ஆதரவும் இல்லாவிட்டால் எந்தத் திட்டமும் காகிதத்தோடு நின்றுவிடும்.

எனக்குப் பிடித்தது வேறொரு வழி. 1971, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். அதுவரை தனித்தனியாகப் படித்த வெள்ளை, கறுப்பின, மெக்சிகோ-அமெரிக்கப் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வந்தார்கள். வந்ததும் சண்டை. உளவியலாளர் எலியட் அரன்சன் வகுப்புகளில் போய் உட்கார்ந்து பார்த்தார். டீச்சர் கேள்வி கேட்டதும் நான் நீ என்று போட்டி போட்டுக் கை தூக்குகிறார்கள், ஒருவன் தப்பாகச் சொன்னால் மற்றவனுக்குக் கொண்டாட்டம். அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுக்களாகப் பிரித்து, பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றுகூடிப் படித்துக்கொண்டு, பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பிச் சொல்லித்தர வேண்டும். தேர்வோ முழுப் பாடத்திலும்.

ஒரு குழுவில் ஆங்கிலம் திக்கித் திக்கிப் பேசும் பையனை மற்றவர்கள் கேலி செய்தார்கள். கேலி செய்தால் அவன் துண்டு கிடைக்காது, தேர்வில் நமக்குத்தான் நஷ்டம் என்று புரிந்ததும், பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனைப் பேச வைத்தார்கள். போகப்போக பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் பிடித்துப்போனது. சிறுபான்மைப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது, மற்றவர்களுக்கும் குறையவில்லை.

இதற்குத் தனி பீரியட், புத்தகம், நிதி எதுவும் வேண்டாம். சமூக அறிவியலில் ஒரு பாடம் போதும். நாற்பது பேர் இருந்தால் எட்டுக் குழு. சத்தம் இருக்கும், அதைத் தலைமையாசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் யார் எந்தக் குழு என்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடாதீர்கள். விட்டால் திரும்பவும் தெரு வாரியாகத்தான் சேர்வார்கள்.

உட்காரும் இடத்தைப் பற்றி இன்னும் தைரியமாகவே கேட்கலாம். 2023-ல் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்களைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லியே கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். சிரித்தவர்களை விட்டுவிட்டு, கூட்டத்துக்கு முன்பே இரண்டு மூன்று அம்மாக்களிடம் பேசி வையுங்கள். அப்புறம், சமூக அறிவியல் ஆசிரியரிடம் தனியாகப் போய் ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டால் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார்.