உப்புவெளிக் கரைக்கும் ஆர்க்டிக் பனிக்கும் உள்ள தொடர்பு

தம்பி, ஆர்க்டிக் கடற்பனி உருகித் திருகோணமலையின் உப்புவெளிக் கரை மூழ்கும் என்று செயற்திட்டத்தில் எழுதியதை ஆசிரியர் ஏன் வெட்டினார் என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டியது சரிதான். மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கெனவே விலக்கிவிட்டது. உருகினாலும் கடல்மட்டம் ஏறக்குறைய மாறாது. குவளையில் பனிக்கட்டி போட்டுப் பாருங்கள்.

கணக்கில் வருவது நிலத்தில் கிடக்கும் பனி. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் பிடிக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது இதுதான்: அந்தப் பனித்திணிவு தன் ஈர்ப்பால் கடல்நீரை அருகில் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் கிரீன்லாந்தை ஒட்டிய கடல் தாழும். திருகோணமலை போன்ற தொலைவிடங்களில் சராசரியைவிடச் சற்றுக் கூடுதலாக ஏறும். கடல்நீர் சூடேறி விரிவதையும் மறக்காமல் சேருங்கள்.