வீட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே 3 மீட்டர்

கேள்வி: எங்கள் வீட்டின் பின்னால் ஓர் ஓடை. கரையிலிருந்து 15 மீட்டர் வரை பாதுகாக்கப்பட்ட பகுதி, அதில் எதுவும் கட்டக்கூடாது என்று பத்திரத்திலேயே இருக்கிறது. வீட்டின் பின்சுவர் கரையிலிருந்து 18 மீட்டர் தள்ளி இருக்கிறது. பின்வாசலை ஒட்டி 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலத்தில் மரத்தளம் போட வேண்டும். அருகில் பெரிய மரம் ஒன்றும் உண்டு. சரிவான தோட்டத்தில் மண் அடித்துச் சமப்படுத்தவும், வெடித்த சிமென்ட் வண்டிப்பாதையை மாற்றவும் எண்ணம். "உங்க இடம்தானே, யார் கேட்கப்போறாங்க" என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?

பதில்: மண் அடிப்பதை விட்டுவிடுங்கள். மற்ற இரண்டையும், கொஞ்சம் மாற்றிச் செய்யலாம்.

கான்ட்ராக்டர் பேச்சைக் கேட்டு வேலையைத் தொடங்காதீர்கள். பிரித்து அகற்று என்று உத்தரவு வந்தால் செலவு உங்களுடையது, அவருடையது அல்ல. பத்திரத்தில் உள்ள இத்தகைய நிபந்தனை பொதுவாக நிலத்தோடு போகும். வாங்கியவர், விற்றவர் பார்க்காது. கட்டட அனுமதி கையில் இருந்தாலும் அந்த நிபந்தனை தளராது. அதைக் கண்காணிப்பவர்களிடம் தனியாக, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அதற்கும் முன்னால், 15 மீட்டரை எங்கிருந்து அளக்க வேண்டும் என்று பத்திரத்தில் பாருங்கள். தண்ணீர் விளிம்பிலிருந்தா, கரையின் மேல்விளிம்பிலிருந்தா? வறண்ட காலத்தில் இரண்டுக்கும் பல மீட்டர் வித்தியாசம் வரும். சர்வேயரை வைத்து அந்த 15 மீட்டர் எல்லைக் கோட்டைக் குறித்து முளை அடித்துவிடுங்கள்.

உங்கள் அளவு சரியென்றால் சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே 3 மீட்டர்தான். 4 மீட்டர் தளம் 1 மீட்டர் உள்ளே போய்விடும். அதே 20 சதுர மீட்டரை 8 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலமாகச் சுவரோரம் திருப்புங்கள். மீதி அரை மீட்டரில் ஆள் நின்று வேலை பார்க்கலாம். படிக்கட்டை ஓடைப் பக்கம் இறக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். படியும் கட்டுமானக் கணக்கில்தான் வரும்.

மரத்தின் சுற்றளவை நெஞ்சுயரத்தில் அளந்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். அதன் 12 மடங்கு தூரம் வரை வேர்ப்பகுதி என்று கொள்ளுங்கள். சுற்றளவு 126 செ.மீ. என்றால் விட்டம் 40 செ.மீ., வேர்ப்பகுதி 4.8 மீட்டர். அதற்குள் குழி தோண்டிக் கான்கிரீட் கொட்டக்கூடாது. தளத்தைத் தாங்க, மண்ணில் திருகி இறக்கும் எஃகுக் கால்கள் போதும்; தோண்டிய மண்ணும் மிஞ்சாது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் கையால் தோண்டிப் பாருங்கள். 25 மி.மீ.க்கு மேல் தடித்த வேர் தெரிந்தால் காலைத் தள்ளிப் போடுங்கள், வேரை வெட்டாதீர்கள். பலகைகளுக்கு நடுவே 6 முதல் 8 மி.மீ. இடைவெளி, அடியில் 7 செ.மீ. ஜல்லி. ஜல்லி இல்லாவிட்டால் சொட்டும் மழைநீர் மண்ணை அரிக்கும்.

மண் அடிப்பது ஏன் கூடாது? உறிஞ்சு வேர்கள் மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மேலே மண் ஏறினால் காற்றில்லாமல் திணறும். மரம் உடனே சாகாது. சில வருடங்கள் கழித்து உச்சிக் கிளை காயும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. வெளிமண்ணோடு களைவிதையும் வரும், வெள்ளம் பரவி நிற்கும் இடமும் குறையும்.

வண்டிப்பாதைக்கு நீர் இறங்கும் கற்கள் பதியுங்கள். அடியில் தூள் இல்லாத 4–20 மி.மீ. ஜல்லி 20 செ.மீ., மேலே 2–6 மி.மீ. சிறுஜல்லி 5 செ.மீ. இணைப்பிலும் அதே சிறுஜல்லிதான். கொத்தனார்கள் பழக்கத்தில் மணலோ கிரஷர் தூளோ நிரப்பிவிடுவார்கள். துளைகள் அடைந்து, பழைய சிமென்ட் பாதைபோலவே தண்ணீர் வழிந்தோடும்.

வேலை தொடங்குமுன் கோட்டுக்கு மேல்பக்கம் வண்டல் தடுப்புத் துணி கட்டுங்கள். 15 செ.மீ. பள்ளம் வெட்டி அடிவிளிம்பைப் புதைத்து, முளைகளை ஓடைப் பக்கமாக 2 மீட்டருக்கு ஒன்று அடித்து, இரு முனைகளையும் மேட்டுப்பக்கம் மடக்க வேண்டும். புதைக்காத துணி முதல் மழையிலேயே பயனற்றுப் போகும், சேறு அடியில் நுழைந்து ஓடைக்குப் போய்விடும். சிமென்ட் கழுவிய நீரும் ஓடையைத் தொடக்கூடாது. அதன் காரத்தன்மை மீனைக் கொல்லும். கருவிகளைத் தெருப்பக்கம் தொட்டியில் கழுவச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் வரைபடத்தோடு, நீர் புகாத பரப்பு இப்போது எவ்வளவு, வேலைக்குப் பின் எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதுங்கள். சிமென்ட் பாதை போவதால் அந்த எண் குறையும்; தளத்துக்குச் சம்மதம் கேட்கும்போது உங்கள் கையில் உள்ள வலுவான வாதம் அதுதான்.