மூன்று தடவை ஆள் வந்தும் ஷவர் ஒழுகுகிறது. பிளம்பர்கள் வேண்டுமென்றே அரைகுறையாக வேலை செய்கிறார்களா?

நானும் பைப் பாஸ்தான், அதாவது பிளம்பர். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 19 வருடமாக ஹட்டன், நானுஓயா, நுவரெலியா என்று வீடு வீடாகப் போய் இந்த வேலையைச் செய்கிறேன். "வேண்டுமென்றே" என்ற அந்த ஒரு வார்த்தை மனதைச் சுட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாப் பிளம்பரும் யோக்கியர் என்று வாதாட வரவில்லை. பைப் மூட்டில் சுற்றுகிற நூல் டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போகிற ஆட்களை எனக்கே தெரியும். ஆனால் ஒரே ஷவர் மூன்று தடவை ஒழுகினால், நான் முதலில் பார்ப்பது அதற்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்பதைத்தான்.

2023 ஏப்ரல், சீசன் நேரம். நுவரெலியாவில் அறை கிடைக்காத நாட்கள். ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற அம்மா போனில் கூப்பிட்டார். "தம்பி, ஒரு வோசர் மாத்துற வேலைதான், பத்து நிமிசம்" என்றார். போய்ப் பார்த்தால் சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து விடுகிற, சுவருக்குள் பதித்த ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர். அதில் ரப்பர் வோசரே கிடையாது, தண்ணீரைத் திறந்து மூடுவது கார்ட்ரிட்ஜ் என்கிற உள் பாகம்தான். அந்தக் குளியலறைக்கென்று தனி வால்வும் வைக்கவில்லை. மெயினை மூடினால் ஐந்து அறைக்கும் தண்ணீர் நிற்கும். "ஆட்கள் குளிக்கிறாங்க, தண்ணிய மூடாம செய்யுங்க" என்கிறார். அது எப்படி முடியும்? விருந்தாளிகள் கிரகரி வாவிப் பக்கம் கிளம்பும் வரை பதினொரு மணி மட்டும் காத்திருந்தேன். அதுவரைக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து "இன்னும் தொடங்கலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கார்ட்ரிட்ஜைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே இரண்டு வெள்ளைப் பீங்கான் வட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி வழுக்கும். அந்த இரண்டு முகமும் கண்ணாடி மாதிரி இருந்தால்தான் தண்ணீர் நிற்கும். போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தலைமுடி அளவில் வளைவாக ஒரு கீறல், அதன் நுனியில் கடுகை விடச் சின்னதாக ஒரு மணல். மலையில் மேலே இருக்கிற ஊற்றிலிருந்து கறுப்பு பைப்பில் நேரே இறக்கிய தண்ணீர் அது. மழை பெய்தால் மணலும் சேர்ந்தே வரும். யாழ்ப்பாணப் பக்கம் சுண்ணாம்பு படிந்து வால்வு கெடும், எங்களுக்கு மணலும் சேறும்.

இன்னொரு கோளாறும் இருந்தது. ஊற்று வீட்டை விட சுமார் 40 மீட்டர் மேலே. பத்து மீட்டருக்கு 1 பார் கணக்கில் பச்சைத் தண்ணீர் 4 பார் அழுத்தத்தில் வருகிறது. சுடுதண்ணீரோ கூரைத் தொட்டியிலிருந்து கீசர் வழியாக இறங்குகிறது, உயரம் 3 மீட்டர் இருந்தால் அதிகம். கைப்பிடியை நடுவில் வைத்தால் பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீரை வந்த பைப்புக்குள்ளேயே திருப்பித் தள்ளிவிடும். குளிக்கிறவர் அந்தக் குளிரில் நடுங்குவார்.

மணலுக்கு ஒரு வடிகட்டி போட்டு, இரண்டு தண்ணீரையும் கூரைத் தொட்டியிலிருந்தே எடுப்போம் என்று சொன்னேன். "அதெல்லாம் வேணாம், ஒழுகலை மட்டும் நிப்பாட்டுங்க." சரி என்று புது கார்ட்ரிட்ஜ் போட்டுவிட்டு வந்தேன். என் தப்பு அதுதான். அன்றைக்கே இது நிற்காது என்று அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூனில் மழை பிடித்தது. மறுபடி ஒழுகுகிறது என்று அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. "தம்பி" போய் "நீ" வந்துவிட்டது. இரண்டாம் தடவை காசு பறிக்கத்தான் இப்படிச் செய்தேன் என்றார். "தோட்டத்து ஆளைக் கூப்பிட்டது என் பிழை" என்றும் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இருந்தாலும் போனேன். கழற்றிய வட்டை அவர் கையில் கொடுத்து, நகத்தால் தடவிப் பாருங்கள் அம்மா என்றேன். நகம் தட்டியது. தொட்டி மூடியைத் திறந்தால் அடியில் இரண்டு அங்குலம் சேறு. அதற்கப்புறம்தான் நான் முன்பு சொன்ன வேலைக்குச் சம்மதித்தார். ஷவர் மெதுவாக வருகிறது என்று குறைப்பட்டதும் தொட்டியை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்தி வைத்தோம். அந்த ஷவர் இன்றுவரை ஒழுகவில்லை. கூலியில் மட்டும் ஐந்நூறு ரூபா பிடித்துக்கொண்டுதான் தந்தார்.

சாமான் விலையைச் சொன்னாலும் சந்தேகப்படுகிறார்கள். 2022இல் 200 ரூபா டொலர் 360 ஆனது. வெளிநாட்டிலிருந்து வருகிற கார்ட்ரிட்ஜ் மட்டும் பழைய விலைக்கு எப்படி வரும்? நான் கடைப் பில்லைக் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

அப்புறம் "சான்றிதழ் இருக்கா?" என்று கேட்பார்கள். என்.வி.கியூ. என்கிற தொழில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். அழைப்புக் கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே கிடந்து, தேர்வு முடிந்து நாலு நாள் கழித்து என் கைக்கு வந்தது. இந்த மலையகத்தில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1867இல். இன்றைக்கும் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கென்று தனி முகவரி இல்லை. கேட்ட விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் ஷவருக்கு வருகிறேன். மூடிய பிறகு சில நிமிடம் சொட்டுவது ஷவர் தலையில் தேங்கிய தண்ணீர், அதை விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டினால் வால்வுதான். அடுத்த தடவை ஆள் வரும்போது, கழற்றிய பழைய கார்ட்ரிட்ஜைக் கேட்டு வாங்குங்கள். வட்டில் கீறல் இருந்தால், புதியதைப் பூட்டுவதற்கு முன்னால் அவரைத் தொட்டியடிக்குக் கூட்டிப்போய் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.