ஷிங்கிளைக் கெடுக்காமல் ஃபிளாஷிங் தகட்டை மட்டும் மாற்ற முடியுமா?

சிம்னி ஓரம் ஒழுகுகிறது, கூரையில் வரிசையாகப் பதித்த ஆஸ்பால்ட் ஷிங்கிள் (தார் கலந்த கூரை வில்லை) நன்றாகவே இருக்கிறது, சிம்னியும் கூரையும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் தடுக்கிற ஃபிளாஷிங் தகட்டை மட்டும் மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம். என் வீட்டில் நானே செய்தேன். முதல் நாள் நான்கு ஷிங்கிள் கிழிந்தன. மறுநாள் அதிகாலையில் ஏறினேன், ஒன்றுகூடக் கிழியவில்லை.

ஷிங்கிளின் அடியில் தார்ப் பசைக் கோடு உண்டு. வெயிலில் அது இளகி, கீழ் வரிசையைப் பிடித்துக்கொள்ளும். அப்போது தூக்கினால் ஷிங்கிளும் சேர்ந்து கிழியும், மிதித்த இடத்தில் மேல்மணலும் உதிரும். கடுங்குளிரிலோ வளைக்கும்போதே ஒடிந்துவிடும். பனி காய்ந்த, 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் இருக்கிற காலை நேரம்தான் சரி. முதலில் ஓர் ஓரத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். அதிலேயே வெடிப்பு விட்டால் அந்த ஷிங்கிளைக் காப்பாற்ற முடியாது, மாற்று ஷிங்கிளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பசையைப் பிரிக்க, பட்டி பூசும் மெல்லிய கத்தியை உள்ளே விட்டுப் பக்கவாட்டில் அறுப்பதுபோல நகர்த்துங்கள். மேல்நோக்கி நெம்பக் கூடாது.

பலர் கோட்டை விடுவது ஆணியில்தான். ஒரு ஷிங்கிளை அதன் சொந்த ஆணிகள் மட்டும் பிடிப்பதில்லை. மேல் வரிசையின் ஆணிகளும் அதன் மேல்விளிம்பைத் துளைத்துக்கொண்டு போகும். அதனால் அதற்கு மேலே இரண்டு வரிசைக்குப் பசையைப் பிரித்து, தட்டைக் கடப்பாரையை ஆணித் தலைக்கு அடியில் நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்புங்கள். இங்கே பொறுமை இழந்தால் கிழிசல் நிச்சயம்.

புதுத் தகடுகளைக் கீழிருந்து மேலாக, ஷிங்கிள் வரிசைக்கு ஒன்றாக வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்று 5 சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும். ஆணியைக் கூரைப் பலகையில் மட்டும் அடியுங்கள், அதுவும் அடுத்த தகடு மூடிக்கொள்ளும் மேல் மூலையில். சிம்னியும் கூரையும் தனித்தனியாக அசையும். இரண்டிலும் அடித்தால் தகடு கிழிந்துவிடும். செங்கலில் செருகியிருக்கும் மேல்மூடித் தகடு இவற்றின்மேல் தொங்க வேண்டும்.

பிரித்த ஷிங்கிள்களின் அடியில் நாணய அளவுக்குக் கூரைத் தார் வைத்து அழுத்திவிடுங்கள். அதிகம் வைத்தால் ஷிங்கிள் கொப்பளிக்கும். தகட்டின்மேல் தாரை அள்ளிப் பூசுவதை எனக்குக் கண்டாலே ஆகாது. அது காய்ந்து வெடித்ததும் பழைய ஒழுகல் திரும்பிவிடும்.

அப்புறம் ஒருவரைப் பரணில் டார்ச்சோடு நிற்கவைத்து, குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக மெதுவாக விட்டுப் பாருங்கள்.